ஊசி போடும் முன் மூட்டு நீரைப் பாருங்கள்

அன்புள்ள இளம் கால்நடை மருத்துவருக்கு,

கப்பலூர், திருமங்கலம் வட்டாரத்தில் தொழில் தொடங்கும் உங்களிடம் முட்டி வீங்கிய கன்றும் வரும், ஜல்லிக்கட்டு முடிந்து நொண்டும் புலிக்குளம் காளையும் வரும். தொட்டுப் பார்த்தால் இரண்டு முட்டியும் ஒன்றுபோலச் சுடும். காளைக்குச் சுளுக்காக இருக்கலாம். கன்றுக்குத் தொப்புள்கொடி வழியே ஏறிய கிருமியாக இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே ஸ்டீராய்டு ஊசி போட்டு அனுப்பும் பழக்கம் உங்களோடாவது நிற்கட்டும். கிருமி புகுந்த மூட்டில் அந்த மருந்து உடலின் எதிர்ப்பை அடக்கிவிடும். வீக்கம் கொஞ்சம் வடியும், மாட்டுக்காரர் நிம்மதியாவார், உள்ளே குருத்தெலும்பு அரிபட்டுக்கொண்டிருக்கும்.

எது எதுவென்று சொல்லக்கூடியது மூட்டு நீர்தான். நல்ல நீர் வெளிர்மஞ்சளாகத் தெளிந்திருக்கும்; ஒரு சொட்டை இரு விரல்களுக்கு நடுவே வைத்து மெல்ல விரித்தால் நூலாக இழுபடும். இழுபட வைப்பது ஹயலுரானிக் அமிலம். அழற்சியில் அது சிதைவதால் நீர் இழுபடாமல் சொட்டும். உறைவுத் தடுப்பான் இல்லாத குழாயில் உறைந்தால், ரத்தத்திலிருந்து ஃபைப்ரினோஜன் கசிந்திருக்கிறது. எண்ணிக்கைக்கும் ஆதாரம் உண்டு: 130 மாடுகளின் மூட்டு நீரை அலசி 2000-இல் வெளியான ஆய்வு, வெள்ளணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 25,000-ஐயும் புரதம் டெசிலிட்டருக்கு 4.5 கிராமையும் தாண்டினால் கிருமித் தொற்றைச் சந்தேகிக்கச் சொல்கிறது. அணுக்களில் நியூட்ரோஃபில் 80 விழுக்காட்டுக்கு மேலிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். அணுக்களைப் பார்க்க வேண்டியது ஒரு நுண்ணோக்கி, ஸ்லைடு, சாயம், ஈ.டி.டி.ஏ. குழாய்.

பந்தய ஒட்டகங்களை வளர்க்கும் வளைகுடா நாடுகளில் மூட்டு நீரில் இன்டர்லூகின், குருத்தெலும்பை அரிக்கும் நொதிகள் என்றெல்லாம் அளக்கிறார்களே, நாம் இன்னும் விரலில் நூல் இழுத்துக்கொண்டிருப்பதா என்று கேட்பீர்கள். நல்ல ஆராய்ச்சிதான், மூட்டு எவ்வளவு கெட்டது என்பதை அறிய உதவும். ஆனால் அந்தக் குறியீடுகள் அடிபட்டாலும் ஏறும், கிருமி புகுந்தாலும் ஏறும். ஆன்டிபயாட்டிக்கா ஓய்வா என்று அன்றைக்கே முடிவெடுக்க வேண்டிய உங்களுக்கு அணு எண்ணிக்கைதான் முதலில் தேவை. மேலும் ஒட்டகத்தின் இயல்பளவை வைத்து நம் காளையை எடைபோட முடியாது.

மூட்டு நீர் எடுக்க ஊசி குத்தினாலே கிருமி ஏறிவிடாதா என்ற தயக்கம் நியாயமானது, அலட்சியப்படுத்தாதீர்கள். மயிரை மழித்து, போவிடோன் அயோடினால் தேய்த்துக் கழுவி, புது ஊசியால் மட்டும் எடுங்கள். மேல்தோலில் புண்ணோ சீழோ இருக்கும் இடத்தில் குத்தவே கூடாது. இன்னொரு தடை, கல்ச்சரில் ஒன்றும் வளராமல் திரும்பி வரும் அறிக்கை. கிருமி மூட்டுச் சவ்வில் ஒட்டியிருந்தால் நீரில் கிடைக்காமல் போவது சகஜம். அதை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள். எண்ணிக்கை உயர்ந்திருந்தால் ஸ்டீராய்டைத் தவிருங்கள். ரிங்கர் லாக்டேட்டால் மூட்டைக் கழுவி, ஆன்டிபயாட்டிக்கைத் தொடர்ந்து கொடுங்கள். சில நாள் கழித்து மறுபடி நீர் எடுத்து, எண்ணிக்கை இறங்கியதா என்று பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த சக மருத்துவர்