படத்துக்கு முன் புள்ளிகளைப் பார்

அன்புத் தங்கைக்கு,

விழித்திரையைப் படமெடுக்கும் அடாப்டிவ் ஆப்டிக்ஸ் கூடத்தில் சேர்ந்துவிட்டதாக எழுதியிருந்தாய். படங்களை இன்னும் தெளிவாக்க எந்த மென்பொருளைக் கற்கலாம் என்றும் கேட்டிருந்தாய். மென்பொருள் போகப்போகக் கைக்கு வந்துவிடும். நீ முதலில் பழக வேண்டியது, திரையின் ஒரு மூலையில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் புள்ளிக் கட்டத்தோடு. கண்ணிலிருந்து திரும்பி வரும் ஒளி, நுண்ணிய லென்ஸ்களின் வரிசை வழியே போய் அங்கே புள்ளிகளாக விழுகிறது. குலையாத ஒளி என்றால் புள்ளிகள் நேர்க்கட்டமாக நிற்கும். கார்னியாவோ கண்லென்ஸோ அதைக் குலைத்திருந்தால், ஒவ்வொரு புள்ளியும் தன் இடம்விட்டு விலகி நிற்கும். அந்த விலகலை அளந்து, வளையும் கண்ணாடியை அதற்கு ஈடாக வளைக்கிறோம். அளக்காத குறையை எந்தக் கண்ணாடியாலும் திருத்த முடியாது. இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவது எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

இந்த முறை வானத்தைப் பார்த்தவர்களிடமிருந்து நமக்கு வந்தது. காற்றுமண்டலம் குலைத்துவிடும் நட்சத்திர ஒளியை அளந்து, அந்தக் கணத்திலேயே சரிசெய்யலாம் என்று 1953-ல் ஹொரேஸ் பாப்காக் எழுதினார். செய்துகாட்டும் கருவிகள் அன்று இல்லை. புள்ளிக் கட்டத்தின் வேர் இன்னும் பழையது. 1900-ஐ ஒட்டி ஜெர்மனியில் ஹார்ட்மன், துளைகள் இட்ட தகட்டை வைத்துத் தொலைநோக்கியைச் சோதித்தார். 1971-ல் அரிசோனாவில் ரோலண்ட் ஷாக் துளைகளின் இடத்தில் லென்ஸ்களை வைத்தார். செயற்கைக்கோள்களைத் தரையிலிருந்தே படமெடுக்க விரும்பிய அமெரிக்க விமானப்படையின் தேவை அதன் பின்னால் இருந்தது. ராணுவம் மூடிவைத்திருந்த ஆய்வுகளில் பெரும்பகுதி 1991-ல்தான் வெளியே வந்தது. அதற்குள், 1989-லேயே, பிரான்சின் ஓத்-புரோவான்ஸ் ஆய்வகத்தில் வானியலாளர்கள் தாங்களாகவே செய்துகாட்டிவிட்டார்கள். பால்வீதியின் மையத்தில், சூரியனைப்போல் சுமார் 40 லட்சம் மடங்கு நிறை கொண்ட கருந்துளையைச் சுற்றி ஓடும் நட்சத்திரங்களைப் பின்தொடர்ந்து 2020-ல் நோபல் பெற்ற கென்செலுக்கும் ஆண்ட்ரியா கெஸ்ஸுக்கும் கைகொடுத்ததும் இதே முறைதான்.

கண்ணுக்கு இது வந்த வழி ஹைடல்பெர்க். ஜோசப் பில்லேயின் ஆய்வகத்தில் ஜுன்ஜோங் லியாங் முதலானோர் இந்தப் புள்ளிகளைக் கொண்டு மனிதக் கண்ணை அளந்து 1994-ல் வெளியிட்டார்கள். பிறகு ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் லியாங், டேவிட் வில்லியம்ஸ், டொனால்டு மில்லர் மூவரும் வளையும் கண்ணாடியைச் சேர்த்து, உயிருள்ள கண்ணில் ஒளியை உணரும் கூம்புச் செல்களைத் தனித்தனியாகக் காட்டிய கட்டுரை 1997-ல் வந்தது. விழித்திரையின் நடுப்பள்ளத்தில் அந்தச் செல்களின் அகலம் இரண்டு மூன்று மைக்ரான்தான். கண்பாவை சிறுத்திருந்தால் ஒளி விரிந்து பரவி அவ்வளவு நுணுக்கம் கிடைக்காது. சொட்டு மருந்து விட்டு விரித்தால் நுணுக்கத்துக்கு இடம் உண்டு. ஆனால் கார்னியா ஓரத்தின் கோணல்களும் கூடவே உள்ளே வந்துவிடும். இந்த இழுபறியிலிருந்து மீளத்தான் நமக்கு அளவீடு.

இனி மேசைக்கு வா. முகவாயைத் தாங்கியில் வைத்து, பல் அச்சைக் கடித்தபடி ஒருவர் உன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கண் இமைக்காமல் சில நொடிகள் போனதும் புள்ளிகளை உற்றுப் பார். ஓரத்தில் ஒன்றிரண்டு மங்கும், சில நீளும், சில இரண்டாகப் பிரிவதுபோல் தெரியும். கண்ணீர்ப் படலம் உடையத் தொடங்கியிருக்கிறது. அப்போதும் கணினி ஏதோ ஓர் எண்ணைக் கொடுக்கும், கண்ணாடியும் அதற்குக் கீழ்ப்படிந்து வளையும், படமும் வரும். அந்தப் படத்தை நம்பாதே. “ஒருமுறை நல்லா இமைச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு, கட்டம் மறுபடி ஒழுங்காவதைப் பார்த்த பிறகு பதிவைத் தொடங்கு. எதிரில் இருப்பவர் வயதானவர் என்றால் இடையில் எழுந்து நடக்கவிடு. களைத்த கண்ணிடமிருந்து நல்ல அளவு கிடைப்பதில்லை. நோயாளியிடம் பொறுமை காட்டுவது நம் வேலையில் ஒளியியலின் ஒரு பகுதி என்றே நினைக்கிறேன்.

புள்ளிகள் அச்சடித்தாற்போல நிற்கும்போதும் படம் மங்கலாக இருப்பது உண்டு. புள்ளிகளைப் பதியும் சென்சாருக்குப் போகும் ஒளியும் கேமராவுக்குப் போகும் ஒளியும் ஓரிடத்தில் பிரிகின்றன. பிரிந்த பிறகு கேமராவின் வழியில் இருக்கும் கோணல் சென்சாருக்குத் தெரியவே தெரியாது. அதனால் முதல் சில வாரங்கள் நோயாளியை விட்டுவிட்டு, ஒரு லென்ஸும் அதன் குவியத்தில் ஒரு காகிதத் துண்டும் கொண்ட மாதிரிக் கண்ணை வைத்துப் பழகு. எந்தக் கோணல் உன் கருவியுடையது, எந்தக் கோணல் கண்ணுடையது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த பிறகு மனிதரை உட்கார வை.

உயிருள்ள திசுவை நுண்ணோக்கியில் பார்ப்பவர்கள் பலருக்கு இப்படி அளக்கும் வசதியே இல்லை. கண்ணாடியை வெவ்வேறு விதமாக வளைத்து, எதில் படம் பிரகாசமாகிறது என்று தேடுகிறார்கள். நல்ல வழிதான். ஆனால் தேடும் ஒவ்வொரு முறையும் மாதிரியின் ஒளிர்பொருள் கொஞ்சம் வெளுக்கிறது.

1999-ல் ஆஸ்டின் ரூர்டாவும் வில்லியம்ஸும் வெளியிட்ட படங்களை நீ பார்த்திருப்பாய். நிறப்பார்வை இயல்பாக உள்ள இருவரின் விழித்திரைகள் அவை. சிவப்பு, பச்சை எனப் பொதுவாக நாம் சொல்லும் இருவகைக் கூம்புகளும் ஒருவருக்கு ஏறக்குறையச் சம அளவில் இருந்தன. மற்றவருக்குச் சிவப்பு வகை கிட்டத்தட்ட நான்கு மடங்கு. கூர்மையான படம் மட்டும் இதைச் சொல்லியிருக்காது, ஏனென்றால் படத்தில் எல்லாக் கூம்பும் ஒரே மாதிரிதான் தெரியும். குறிப்பிட்ட நிற ஒளியால் நிறமியை வெளுக்கவைத்து, ஒவ்வொரு செல்லும் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று ஒப்பிட்டார்கள். எந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்பதில்தான் அவர்கள் திறமை இருந்தது. நான் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டுவது இந்த ஆய்வைத்தான்.

நோயாளிகளை நினைத்து அடுத்ததை அழுத்திச் சொல்கிறேன். படத்தில் இருட்டாக இருக்கும் இடத்தைச் செத்த செல் என்று சொல்லிவிடாதே. ஒரே கூம்பு ஒருநாள் பளிச்சென்றும் இன்னொரு நாள் மங்கியும் தெரியும். வெளிநுனி சிதைந்த செல் ஒளியைத் திருப்பி அனுப்பாது, ஆனால் அதன் உள்பகுதி அங்கேயே இருக்கலாம். சிதறும் ஒளியை இரு பாதிகளாகப் பிரித்து ஒப்பிடும் முறை 2014-ல் வந்தபோது, பிறவியிலேயே நிறம் காணாத அக்ரோமடாப்சியா உள்ளவர்களின் கண்ணில், பழைய முறையில் வெறும் இருட்டாகத் தெரிந்த இடங்களில் கூம்புகள் மிச்சம் இருப்பது தெரிந்தது. மரபணுச் சிகிச்சையை எதிர்பார்த்திருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று யோசித்துப் பார். “எதுவும் மிச்சம் இல்லை” என்று அவசரப்பட்டு நாம் சொல்லும் ஒரு வாக்கியம் அந்தக் குடும்பத்தை என்ன செய்யும்?

செல்களை எண்ணும்போது கண்ணின் நீளத்தை அளந்து எழுது. 26 மில்லிமீட்டர் கண்ணுக்கு வழக்கமான 24-ஐப் போட்டுக் கணக்கிட்டால், அடர்த்தி ஏறக்குறைய 17 சதவீதம் கூடுதலாக வரும். கிட்டப்பார்வை அதிகமுள்ளவருக்கு இல்லாத செல்கள் இருப்பதாக அறிக்கை போகும்.

நீ கேட்ட மென்பொருளுக்கு இப்போது வருகிறேன். ஆடும் கண்ணின் படச்சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திச் சராசரி எடுக்கும் நிரலை ஆழமாகக் கற்றுக்கொள். அது இல்லாமல் நம் வேலை ஓடாது. ஆயிரக்கணக்கான படங்களைக் கற்று மங்கலைக் கூர்மையாக்கித் தரும் நிரல்களை மட்டும் நோயறிதலுக்கு முன்னால் வைக்காதே. ஆரோக்கியமான விழித்திரைகளைப் பார்த்து வளர்ந்த நிரல், நோயுற்ற விழித்திரையிலும் ஆரோக்கியமான ஒழுங்கை வரைந்துவிடக்கூடும். அப்படி வரும் படத்தை வைத்துக்கொள்ள நேர்ந்தால், அதன் மேலேயே அதைக் குறித்துவிடு. கச்சாப் பதிவையும் புள்ளிக் கட்டத்தின் பதிவையும் சேர்த்தே சேமித்து வை. எத்தனை சட்டங்களை எடுத்தாய், எத்தனையைத் தள்ளினாய், ஏன் தள்ளினாய் என்பதையும் அன்றைக்கே எழுது. 2014-க்கு முன் எடுத்த படங்களில் இருட்டாக விடப்பட்ட இடங்களை இன்று நாம் வேறுமாதிரி வாசிக்கிறோம். உன் படங்களையும் நாளைக்கு ஒருவர் வேறுமாதிரி வாசிக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அண்ணன்