இடிப்பவன் யார்?

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிக் குன்று ஏறத்தாழ 800 அடி உயரமுள்ளது. ஐப்பசி மழையில் அந்தப் பாறைகளில் மோதி எதிரொலிக்கும் முழக்கம் ஊரையே அதிர வைக்கும். அதை ‘இடி இடிக்கிறது’ என்கிறோம். உரலில் மாவு இடிக்கிறோம். பழைய சுவரையும் இடிக்கிறோம். ஓங்கி அடிப்பதைக் குறிக்கும் சொல்லே வானத்து முழக்கத்துக்கும் பெயராகியிருக்கிறது அல்லவா?

இதே போக்கை வெகு தொலைவிலுள்ள ஸ்லாவிய மொழிகளிலும் காணலாம். ரஷ்யன், உக்ரேனியன், போலிஷ் முதலியவை ஸ்லாவிய மொழிகள்.

பெரூன் என்ற பெயர்

பழைய ஸ்லாவியரின் இடிக் கடவுள் பெரூன். கி.பி. 980-இல் இளவரசர் விளாதிமிர் கீவ் நகரில் பெரூனுக்கு மரச்சிலை நிறுவினார். 988-இல் அவர் கிறித்தவரானதும் அது தினேப்பர் ஆற்றில் தள்ளப்பட்டது என்று அந்நாட்டின் பழைய வரலாற்று நூல் கூறுகிறது. சிலை போயிற்று, பெயர் நிலைத்தது. போலிஷ் மொழியில் இன்றும் ‘பியோருன்’ என்றால் மின்னல், இடி.

பெயரைப் பிரித்துப் பார்ப்போம். ‘பெர்’ என்பது ‘அடி’ என்னும் பொருளுடைய வேர். ‘ஊன்’ என்பது ‘செய்பவன்’ எனக் காட்டும் விகுதி. ரஷ்ய மொழியில் ‘பெகுன்’ என்றால் ஓடுபவன். ஆகவே பெரூன் என்றால் ‘அடிப்பவன்’ என்பது பலர் ஏற்கும் விளக்கம். அந்த வேரிலிருந்து வந்த போலிஷ் வினைச்சொல் துணி துவைப்பதைக் குறிக்கிறது. துணியை அடித்துத்தானே துவைத்தார்கள்!

ஒலி ஒத்தால் உறவா?

லித்துவேனியரின் இடிக் கடவுள் பெர்க்கூனஸ். ரிக் வேதத்தின் மழைக் கடவுள் பர்ஜன்யன். மூன்றும் ஒரே பெயரா? அவசரப்படக்கூடாது. செஞ்சியை ஐரோப்பியர் ‘ஜிஞ்ஜி’ என்றனர். இரண்டும் ஒன்றே என்பதற்கு ஆவணங்கள் உண்டு. எழுத்து தோன்றாத காலத்துச் சொற்களுக்கோ, ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் ஒலி மாற்றமே சான்று.

‘ஐந்து’ என்பது லித்துவேனியத்தில் ‘பென்க்கி’, சமஸ்கிருதத்தில் ‘பஞ்ச’. அங்கே ‘க்’ வரும் இத்தகைய இடங்களில் இங்கே ‘ச்’ அல்லது ‘க்’ வர வேண்டும். பர்ஜன்யனிலோ ‘ஜ்’ இருக்கிறது! பெரூனில் ‘க்’ ஒலியே இல்லை. எனவே இப்பெயர்களின் உறவு பற்றி அறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை.

தமிழ் திராவிட மொழி. ஸ்லாவியமோ இந்தோ-ஐரோப்பியக் குடும்பம். ‘இடி’க்கும் ‘பெரூ’னுக்கும் ஒலி உறவு இல்லை. ஒரே முழக்கத்தைக் கேட்ட இரு மக்கள் தனித்தனியே ஒரே விதமாக எண்ணியிருக்கிறார்கள்.

சிந்தியுங்கள்: ‘மின்னல்’ எந்த வினைச்சொல்லிலிருந்து பிறந்தது?