பால் செரியாதவருக்குப் பாலாடைக்கட்டி ஆகுமா?

கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து ஆரோவில்லுக்குப் பிரியும் வழியில் உள்ள குயிலாப்பாளையத்தில் பாலாடைக்கட்டி, அதாவது சீஸ், புதிய பொருளன்று. ஆரோவில்லின் லா ஃபெர்ம் கூடத்தில் பிரெஞ்சு, இத்தாலிய முறைகளைத் தழுவி அது செய்யப்படுகிறது. இப்பகுதிக் கடைகளிலும் கிடைக்கிறது. மேலும், புதுச்சேரியைச் சுற்றியுள்ள பல குடும்பங்களுக்குப் பிரான்சோடு நெடுநாள் உறவு உண்டு. 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத காலம் வாய்ப்பளிக்கப்பட்டது. அவ்வாறு தேர்ந்துகொண்டோர் பலரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று அந்நாட்டில் வாழ்கின்றனர்.

அவர்களைக் காணப் புறப்படும் முதியோர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "பால் குடித்தாலே எனக்கு வயிறு கெட்டுவிடும். அங்கே எதைத் தொட்டாலும் சீஸ் என்கிறார்கள். நான் என்ன செய்வது?" இக்கேள்விக்கான விடை பயணம் செல்வோர்க்கு மட்டும் உரியதன்று. பாலைக் கண்டு அஞ்சி, பாற்பொருள் அனைத்தையும் விலக்கிவிடும் ஒவ்வொருவருக்கும் அது பயன்படும். ஆகவே இவ்விதழில் அதனை விரிவாக எடுத்துக்கொள்கிறோம்.

வயிற்றில் நிகழ்வது

பாலில் லாக்டோஸ் எனப்படும் பாற்சர்க்கரை உள்ளது. 200 மில்லி கொள்ளும் ஒரு தம்ளர் பாலில் அது ஏறத்தாழ 10 கிராம் இருக்கும். இச்சர்க்கரையை உடல் அப்படியே உறிஞ்ச இயலாது. சிறுகுடலின் உட்சுவரில் சுரக்கும் லாக்டேஸ் என்னும் நொதி அதனைக் குளுக்கோஸ், கேலக்டோஸ் என இரண்டாகப் பிரித்த பின்னரே அது இரத்தத்தில் சேரும்.

நொதி போதாதபோது, பிரிபடாத பாற்சர்க்கரை பெருங்குடலுக்குச் சென்றுவிடுகிறது. அங்கே அது நீரை ஈர்த்துக்கொள்கிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனை நொதிக்கச் செய்து வாயுவை உண்டாக்குகின்றன. வயிற்று உப்புசம், இரைச்சல், வலி, வாயு பிரிதல், வயிற்றுப்போக்கு ஆகியவை இதன் விளைவுகளே. பெரும்பாலும் பால் அருந்திய அரை மணி முதல் சில மணி நேரத்திற்குள் இவை தோன்றும். துன்பம் தருவனவாயினும், இவற்றால் குடலுக்கு நிலையான கேடு எதுவும் நேர்வதில்லை.

இது குறைபாடன்று

தாய்ப்பால் அருந்தும் பருவத்தில் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளுக்கும் இந்நொதி நிறைவாகச் சுரக்கிறது. பால்குடி மறந்த பின் அது படிப்படியாகக் குறைவதே பாலூட்டிகள் அனைத்திற்கும் பொதுவான இயற்கை. உலகில் வளர்ந்தோருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் இந்நிலையில் உள்ளவர்களே. தலைமுறை தலைமுறையாகக் கால்நடை வளர்த்துப் பாலை உணவாகக் கொண்ட சில மக்களிடையே மட்டும், வளர்ந்த பின்னும் நொதி சுரக்கச் செய்யும் மரபணு மாற்றம் பரவியது. வட ஐரோப்பாவில் இது மிகுதி.

இந்தியாவில் 1981ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு நமக்கு மிக நெருக்கமானது. புதுதில்லி, திருவனந்தபுரம், புதுச்சேரி ஆகிய மூன்று இடங்களில் நலமுடன் இருந்த 200 பேரிடம் அந்த ஆய்வு நடத்தப்பட்டது. தில்லியில் 27.4 விழுக்காட்டினருக்குப் பாற்சர்க்கரை செரியவில்லை. திருவனந்தபுரம், புதுச்சேரி ஆகிய இரு தென்னக மையங்களிலோ 66.6 விழுக்காட்டினருக்குச் செரியவில்லை. ஐரோப்பியரிடம் காணப்படும் அதே மரபணு மாற்றம் இந்தியாவிலும் உண்டு என்பதும், வடமேற்கிலிருந்து தென்கிழக்கு நோக்கி வர வர அது அருகிச் செல்கிறது என்பதும் 2012ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றால் தெளிவாயின. எனவே, பால் செரியவில்லை என்று நம் பகுதியில் ஒருவர் சொன்னால், அவர் ஊரில் பெரும்பான்மையோரைப் போன்றவர் என்றே கொள்ளலாம்.

பாலாடைக்கட்டியில் பாற்சர்க்கரை எங்கே போயிற்று?

பிரான்சின் கிழக்கு மலைப்பகுதியில் செய்யப்படும் கோந்தே என்னும் பாலாடைக்கட்டியை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 40 கிலோ எடையுள்ள ஒரு வட்டத்திற்கு 400 லிட்டர் பால் வேண்டும். அப்பாலில் சுமார் 19 கிலோ பாற்சர்க்கரை இருக்கும். பாலைத் திரித்துக் கட்டியைப் பிரித்தெடுக்கும்போது, சர்க்கரையின் பெரும்பகுதி தெளிந்த நீரோடு வடிந்துவிடுகிறது. கட்டியில் எஞ்சியதை நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலமாக மாற்றிவிடுகின்றன. அதன்பின் கோந்தே குறைந்தது நான்கு மாதம் பதப்படுத்தப்படுகிறது. உண்ணும் வேளையில் அதில் பாற்சர்க்கரை இல்லை என்றே சொல்லலாம். எம்மெந்தால் முதலிய நாட்பட்ட கெட்டி வகைகளும் அத்தகையனவே. காமம்பேர், பிரீ போன்ற மென்வகைகளிலும் அது மிகக் குறைவு.

ஃப்ரொமாஜ் ப்லாங் போன்று, பதப்படுத்தாமல் உடனே உண்ணும் வகைகளில் பாற்சர்க்கரை கணிசமாக எஞ்சியிருக்கும். பால்பொடி சேர்த்துச் செய்யப்படும் சில பதன வகைகளிலும் அது இருக்கக்கூடும். நம் பனீரில் பாலைவிடக் குறைவாக உண்டு, முற்றிலும் இல்லாமலில்லை.

நம் வீடுகளிலும் இதே வேலை இரவுதோறும் நடைபெறுகிறது. காய்ச்சி ஆறிய பாலில் உறைமோர் ஊற்றியதும், நுண்ணுயிர்கள் பாற்சர்க்கரையின் ஒரு பகுதியைப் புளிப்பாக மாற்றுகின்றன. மீந்த சர்க்கரையைக் குடலில் பிரிப்பதற்கும் தயிரின் உயிருள்ள நுண்ணுயிர்கள் துணைசெய்கின்றன. பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர்ச்சோறும் நீர்மோரும் ஒத்துக்கொள்வது இதனால்தான். பிரெஞ்சுக்காரர் உணவின் இறுதியில் ஒரு துண்டு பாலாடைக்கட்டி உண்பர். நாம் மோர்ச்சோற்றோடு முடிப்போம். இரண்டும் பாலைச் செரிக்கத் தக்கதாக்கி உண்ணும் முறைகளே.

பால்கோவா, திரட்டுப்பால், பாயசம், ஐஸ்கிரீம் ஆகியவற்றில் பாற்சர்க்கரை குறைவதில்லை. சுண்டக் காய்ச்சியவற்றில் செறிந்தே இருக்கும். ஆட்டுப்பாலிலும், ஏ2 பால் என்று விற்கப்படுவதிலும் பசும்பாலில் உள்ள அளவே ஏறத்தாழ உண்டு. நெய்யில் மிக அற்பம்.

பிரான்சு செல்வோர் கவனத்திற்கு

உணவுக்குப் பின் 30 கிராம் அளவில் கெட்டி வகை ஒன்றைச் சுவைத்துப் பார்க்கலாம். அதில் ஒரு தம்ளர் பாலில் உள்ளதற்குக் குறையாத கால்சியம் கிடைக்கும். உண்ட பின் வயிறு தொல்லை தந்தால், பாலாடைக்கட்டியைக் குற்றம் சொல்லுமுன், உடன் உண்டவற்றை எண்ணிப் பாருங்கள். பாலும் மாவும் சேர்ந்த பெஷாமெல் குழம்பு, பாலேடு சேர்த்த சூப், ஐஸ்கிரீம் ஆகியவற்றில் பாற்சர்க்கரை மறைந்திருக்கும். பாலாடைக்கட்டியில் கொழுப்பு மிகுதியாதலால், பித்தப்பைக் கல் உள்ளோருக்கு அதனாலும் வலி எழலாம்.

கடையில் "சான் லாக்டோஸ்" என்று எழுதப்பட்ட பால், பாற்சர்க்கரை முன்னரே பிரிக்கப்பட்ட பாலாகும். காப்பிக்கும் தேநீருக்கும் அதனைப் பயன்படுத்தலாம்.

ஒவ்வாமை வேறு, செரியாமை வேறு

இப்பகுதியை வீட்டில் உள்ள அனைவரும் படிக்க வேண்டுகிறோம். பாற்சர்க்கரை செரியாமை என்பது நொதி பற்றாமையால் வருவது. பால் ஒவ்வாமை என்பதோ, பாலிலுள்ள புரதத்தை உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் பகையாகக் கருதுவதால் வருவது. தோலில் தடிப்பு, உதடும் முகமும் வீங்குதல், வாந்தி, இளைப்பு, மூச்சுத்திணறல் ஆகியவை அதன் அறிகுறிகள். சிறிதளவு பாலே உயிருக்கு இடர் விளைவிக்கக்கூடும். ஒவ்வாமை உள்ளவருக்குப் பாலாடைக்கட்டியும் ஆகாது. லாக்டோஸ் நீக்கிய பாலும் ஆகாது. ஏனெனில் இரண்டிலும் புரதம் அப்படியே உள்ளது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, பொட்டலத்தில் பால் உள்ளிட்ட 14 ஒவ்வாமைப் பொருள்கள் தனித்துத் தெரியும்படி அச்சிடப்பட வேண்டும். அதனைப் படித்துச் சொல்லப் பிள்ளைகளிடம் கேளுங்கள். மூச்சுத்திணறலோ முகவீக்கமோ தோன்றினால் காலந்தாழ்த்தாது அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும்.

செரிமானம் நன்றாயிருந்தும் தவிர்க்க வேண்டியோர்

பாலாடைக்கட்டியில் உப்பு மிகுதி. மரக்காணம் உப்பளங்களின் அருகே வாழும் நமக்கு உப்பு எளிய பொருள். ஆயினும் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே அது இருத்தல் வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ரோக்ஃபோர் என்னும் நீலப்பூஞ்சை வகையின் 30 கிராம் துண்டிலேயே ஏறத்தாழ ஒரு கிராம் உப்பு வந்துவிடும். எம்மெந்தாலில் அதைவிட மிகக் குறைவு. இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உள்ளோர் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும்.

கருவுற்ற மகளிர், காய்ச்சாத பாலில் செய்த மென்வகைகளையும், மேலே வெண்பூஞ்சை படர்ந்த மென்வகைகளையும், நீலப்பூஞ்சை வகைகளையும் தவிர்க்க வேண்டும். அவற்றில் லிஸ்டீரியா என்னும் கிருமி இருக்க நேர்ந்தால் கருச்சிதைவு ஏற்படலாம். பொட்டலத்தில் "லே க்ரூ" என்றிருந்தால் அது காய்ச்சாத பால் என்று பொருள்.

காசநோய்க்கு ஐசோநயாசிட் அல்லது லினசோலிட் உட்கொள்வோர் நாட்பட்ட பாலாடைக்கட்டியை உண்ணலாகாது. அதிலுள்ள டைரமின் என்னும் பொருள் இம்மருந்துகளோடு சேரும்போது தலைவலி, படபடப்பு, இரத்த அழுத்த உயர்வு ஆகியவை நேரலாம். இதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது. பாலாடைக்கட்டியை நிறுத்துவதே முறை.

பாலை அறவே விலக்குமுன்

வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை கூறுகிறது. பாற்பொருள் யாவற்றையும் விலக்கிய முதியோர், குறிப்பாக மாதவிடாய் நின்ற மகளிர், எலும்பு வலுவிழந்து சிறு தடுக்கலிலும் எலும்பு முறிவுக்கு ஆளாகலாம். பால் செரியாமையால் வரும் தொல்லை சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். இடுப்பெலும்பு முறிவோ வாழ்க்கையையே மாற்றிவிடும்.

பாற்சர்க்கரை செரியாத பலரும் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை அதனைத் தாங்குவர். அளவு ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் அளவை அறிய எளிய வழி ஒன்று உண்டு. இரண்டு வாரம் பாலையும் பால் சேர்ந்த இனிப்புகளையும் நிறுத்திப் பாருங்கள். தொல்லை நீங்கினால், உணவோடு சேர்த்துக் கால் தம்ளர் பாலில் தொடங்கிச் சில நாள்களுக்கு ஒரு முறை சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். தொல்லை மீளும் இடமே உங்கள் எல்லை. உறுதி செய்ய வேண்டுமாயின், மூச்சுக்காற்றில் ஹைட்ரஜனை அளக்கும் சோதனை உண்டு. இம்முறை வளர்ந்தோருக்கு மட்டுமே. ஒவ்வாமை அறிகுறி உள்ளவர் வீட்டில் சோதித்துப் பார்க்கலாகாது.

பால் குறையும் இடத்தைத் தயிர், மோர், கேழ்வரகு, முருங்கைக்கீரை, எள், முள்ளோடு உண்ணும் நெத்திலி போன்ற சிறுமீன்கள் ஆகியவற்றால் நிரப்பலாம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. மாத்திரைகள் சிலவற்றில் லாக்டோஸ் சிறிதளவு சேர்க்கப்படுகிறது. பெரும்பாலோருக்கு அது தொல்லை தராது. அதன் பொருட்டு எந்த மருந்தையும் தாமாக நிறுத்த வேண்டா.

குழந்தையைக் கவனிப்போருக்கு

வயிற்றுப்போக்கால் குடற்சுவர் புண்படும்போது நொதி தற்காலிகமாகக் குறையும். குடல் ஆறியதும் மீளும். அக்காலத்திலும் தாய்ப்பாலை நிறுத்தலாகாது. உப்புச் சர்க்கரைக் கரைசலும் மருத்துவர் குறிப்பிடும் துத்தநாக மருந்தும் தாய்ப்பாலோடு சேர்ந்தே தரப்பட வேண்டியவை.

எப்போது எங்களிடம் வர வேண்டும்?

மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், காய்ச்சல், உறக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, குழந்தையின் வளர்ச்சி தடைப்படுதல் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருப்பின், அதனைப் பாலின் மேல் ஏற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டா. ஐம்பது வயதைக் கடந்த பின் புதிதாகத் தோன்றி நீடிக்கும் வயிற்றுத் தொல்லையும் அவ்வாறே ஆராயப்பட வேண்டியது. வரும்போது, ஒரு வாரம் உண்டவற்றையும் அதன்பின் நேர்ந்தவற்றையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். அக்குறிப்பு நோயைக் கண்டறிவதில் எங்களுக்குப் பெருந்துணையாகும்.