வேடியப்பன் கல்லிலிருந்து தொடங்கு



உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தருமபுரி நிருபராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியும் குறைதீர்க்கும் கூட்டம், ஒகேனக்கல் நீர்வரத்து, சாலை மறியல் என்றே பொழுது போகிறது. தத்துவம், இசை, பயணம், வரலாறு என்று மனம் போகிற திசையில் எழுத எப்போது வாய்க்கும் என்று கேட்டிருந்தாய். இதே மாவட்டத்தில் செய்தி எழுதி ஓய்வு பெற்றவன் நான். நீர்வரத்து எழுதுவதை விட்டுவிடாதே என்றுதான் முதலில் சொல்லத் தோன்றுகிறது. பிலிகுண்டுலுவில் காலையில் அளக்கிற கன அடிக் கணக்கு ஏறினால் பரிசலுக்குத் தடை விழும். பரிசல் ஓட்டுகிறவர் வீட்டுக்கு அன்றைக்கு வருமானம் இல்லை. காவிரியைப் பற்றி நீ எவ்வளவு பெரிய கட்டுரை எழுதினாலும், அந்தக் கணக்கை எழுதிப் பழகிய கைதான் எழுதுகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

வரலாறு எழுத ஆசை என்றால் நடுகற்களிடம் போ. நம் பக்கத்தில் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் அவை நிற்கின்றன. எடுத்து வந்த சில கற்களைத் தருமபுரி அகழ்வைப்பகத்தில் பார்க்கலாம். ஒரு கையில் வில், மறு கையில் வாள், உடம்பில் தைத்த அம்பு. மேலே வட்டெழுத்தில் சில வரிகள். எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யாருடைய சேவகன், யார் தொறு கொண்டபோது, மீட்டுப் பட்டான். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் செத்தான். இவ்வளவுதான் செய்தி. எப்போது, எங்கே, யார், எதனால் என்று நமக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்த எல்லாமே ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அதில் இருக்கிறது. வீரத்தைப் புகழ்ந்து ஒரு அடைமொழிகூடப் பெரும்பாலும் இராது. செத்தவன் அரசனும் இல்லை. யாருக்கோ சொந்தமான மாட்டுக்காகப் போனவன். அவன் பேரைக் கல்லில் வெட்டி வைத்தார்கள்.

அந்தக் கல்லையே இன்று பல ஊர்களில் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். வெட்டிய எழுத்தைப் படிக்க ஊரில் ஆளில்லாமல் போனபிறகும் பொங்கல் வைப்பது நிற்கவில்லை. உன்னோடு படித்தவர்களிலேயே இரண்டு மூன்று வேடியப்பன்கள் இருந்திருப்பார்கள். செத்தவனின் பேர் மறந்து, கல்லுக்கு ஊர் வைத்த பேர் மனிதர்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது. நினைவு என்பது என்ன என்று யோசிக்க எனக்கு இதைவிட நல்ல இடம் கிடைத்ததில்லை.

சேர்ந்த புதிதில் நான் ஒரு தப்புச் செய்தேன். எண்ணெயும் மஞ்சளும் அப்பியிருந்த ஒரு கல்லைப் பார்த்துவிட்டு, பூசாரியிடம் இரண்டு வார்த்தைகூடப் பேசாமல், யாரோ ஒரு சிற்றரசன் என்று முடிவுகட்டி ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் முழுவதும் வீரம், தியாகம் என்று எழுதித் தள்ளினேன். பிறகு கல்வெட்டுப் படிக்கத் தெரிந்த ஒருவர் அதே கல்லை வாசித்துக் காட்டினார். மாடு காத்த ஒரு சேவகன். அவன் பேர் இருந்த இடத்தில் நான் என் சொற்களை வைத்திருந்தேன். இன்றும் அதை நினைத்தால் உறுத்துகிறது.

இசையைப் பற்றிக் கேட்டிருந்தாய். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைக்கும் ஊருக்குப் போ. பகலில் பிரசங்கியார் கதை சொல்லுவார், இரவில் கூத்து, கடைசி நாள் காலையில் படுகளம், மண்ணால் செய்த துரியோதனன் ஆளைவிடப் பெரிதாய்ப் படுத்துக் கிடப்பான். பதினொரு மணிக்கு நாலு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதே. விடிய விடிய உட்கார். கர்ண மோட்சத்தில் கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெறும் இடம் வரும்போது, பாயில் படுத்துத் தூங்கியவர்கள் யாரும் எழுப்பாமலே எழுந்து உட்காருவார்கள். வேஷக்காரருக்குத் தொண்டை கட்டியிருக்கும். முகவீணை அந்தக் கட்டிய குரலுக்குப் பக்கத்திலேயே போய் அதைத் தாங்கிப் பிடிக்கும். அதைக் கேட்டபோதுதான், மாட்டுக்காகப் பட்ட அந்தச் சேவகனும் கர்ணனும் ஒரே செஞ்சோற்றுக் கடனைத்தான் தீர்த்தார்கள் என்று எனக்குப் பட்டது. அந்தக் கடனை உயிரால்தான் தீர்க்க வேண்டுமா? சோறு போட்டவன் எந்தக் கல்லிலும் படவில்லையே? இருபது வருஷமாக யோசிக்கிறேன். உனக்கு விடை கிடைத்தால் எழுது.

பயணத்துக்கு நீ தூரம் போக வேண்டியதில்லை. பாப்பாரப்பட்டிக்குப் போய் சுப்பிரமணிய சிவா நினைவிடத்தில் சற்று நேரம் இரு. அவரும் நம் தொழில்காரர்தான். 1908-இல் விடுதலைப் போராட்டத்தில் சிறைக்குப் போய், தொழுநோயோடு 1912-இல் வெளியே வந்து, அடுத்த வருஷமே 'ஞானபாநு' பத்திரிகை தொடங்கினார். வேதாந்தமும் எழுதினார், நாடகமும் எழுதினார். நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்றார்கள். புண்ணான காலோடு ஊர் ஊராக நடந்து போய்ப் பேசினார். பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட அவர் நினைத்த இடத்தில் 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். கோயிலைப் பார்க்காமலே 1925 ஜூலை 23-இல் சிவா அங்கேயே கண்ணை மூடினார். உடம்பு மாயை என்று அந்த உடம்போடு அவர் எழுதினால் நான் கேட்டுக்கொள்வேன்.

இன்னொன்று. அரூர்ப் பக்கம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. அந்தப் பெண்கள் விடவில்லை. 2011 செப்டம்பர் 29-இல் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் 54 பேர் இறந்திருந்தார்கள். மீதி 215 பேருக்குத் தண்டனை. 2023-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முப்பத்தோரு வருஷம், கண்ணு. பேரை எழுது என்று நடுகல்லைக் காட்டிச் சொன்ன நானே சொல்கிறேன்: இங்கே அந்தப் பெண்களின் பேரை எழுதாதே. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. தேதியை எழுது, எண்ணிக்கையை எழுது, எத்தனை வருஷம் கோர்ட் வாசலில் நின்றார்கள் என்பதை எழுது. எந்தப் பேரைக் காப்பாற்ற எழுத வேண்டும், எதைக் காப்பாற்ற எழுதாமல் விட வேண்டும் என்பது ஒவ்வொரு முறையும் தனியாக யோசிக்க வேண்டிய விஷயம். உன் ஆசிரியர் அவசரப்படுத்தினாலும் யோசித்துவிட்டு எழுது.

ஞாயிற்றுக்கிழமை விடுப்பு கிடைத்தால் வா. நான் தப்பாக எழுதிய அந்தக் கல்லைக் காட்டுகிறேன். ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் எழுத்து எழும்பித் தெரியும். உச்சிக்கு வந்தால் வெறும் கல். தண்ணீர் பாட்டிலும் நோட்டும் எடுத்துக்கொள். பூசாரியிடம் கேட்காமல் கல்லைத் தொடாதே. அவருக்கு இப்போது வயதாகிவிட்டது, மெதுவாகப் பேசுவார்; அவர் சொல்லி முடிக்கும்வரை பேனாவைத் திறக்காதே.

அன்புடன்,
உன் பெரியப்பா வயதுள்ள ஒரு பழைய நிருபர்
தருமபுரி