கோட்லின் படிக்க வரும் வலியசாலைப் பிள்ளைகளுக்கு

பரீட்சை முடிந்த கையோடு "மாமா, ஆப் எழுதக் கத்துக்கணும், எங்கேருந்து ஆரம்பிக்கட்டும்?" என்று வருஷா வருஷம் யாராவது வந்து நிற்கிறீர்கள். 1990இல் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் வந்ததிலிருந்தே இந்தக் கேள்வி நம் தெருவில் உண்டு. மொழியின் பெயர்தான் மாறுகிறது: கோபால், சி, ஜாவா, இப்போது கோட்லின். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே எழுதியே வைத்துவிட்டேன்.

1. புது லாப்டாப்புக்காக வீட்டில் சண்டை போடாதே. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்கு 8 ஜிபி ராம் குறைந்தபட்சம், நிம்மதியாக ஓட 16 வேண்டும் என்பது நிஜம்தான். ஆனால் மொழியைப் படிக்க அது எதற்கு? கோட்லினின் சொந்த வலைத்தளத்தில் பிரவுசரிலேயே எழுதி ஓட்டிப் பார்க்கலாம். 'கோட்லின் கோவான்ஸ்' என்ற பயிற்சிகளும் அங்கேயே இருக்கின்றன. மொழியையும் ஆப் கட்டுவதையும் ஒரே நாளில் ஆரம்பித்த பலர் பட்டனின் நிறத்தை மாற்றுவதோடு நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன்.

2. பாடம் எந்த வருஷத்தது என்று பார்த்துவிட்டு உட்கார். ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் கோட்லின் 1.0-ஐ வெளியிட்டது 2016இல். 2017இல் கூகுள் அதை ஆண்ட்ராய்டுக்கு ஏற்றது, 2019இல் முதலிடமே கொடுத்தது. திரைகளை எக்ஸ்எம்எல்லில் எழுதும் வழக்கம், 2021 ஜூலையில் ஜெட்பேக் கம்போஸ் 1.0 வந்தபின் மெல்ல ஒதுங்கியது. யூடியூபில் பாதிப் பாடங்கள் அதற்கு முந்தியவை. 'ஏசிங்க்டாஸ்க்' என்ற பெயர் காதில் விழுந்தால் அந்த வீடியோவை மரியாதையாக மூடிவிடு.

3. முதல் ஆப்பை இந்தத் தெருவில் ஒருவருக்காவது பயன்படும்படி எழுது. செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல் ஒன்றை உலகமே எழுதிப் பழகுகிறது. எழுதியவனே மறுவாரம் திறப்பதில்லை. நம் வீடுகளில் பிறந்தநாள் நட்சத்திரப்படி. அதிலும் சில வீடுகளில் தமிழ் மாதம், சில வீடுகளில் மலையாள மாதம். இந்த வருஷம் அது எந்தத் தேதியில் வருகிறது என்று சொல்லும் ஆப் ஒன்று எழுது.

சின்ன வேலை மாதிரித் தெரியும். ஆவணி ஒன்றும் சிங்கம் ஒன்றும் பல வருஷம் ஒரே நாள், சில வருஷம் ஒரு நாள் முன்பின். ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள். சூரியன் ராசி மாறுவது அஸ்தமனத்துக்கு முன்னால் என்றால் தமிழ்க் கணக்கில் அன்றைக்கே மாதப் பிறப்பு. மலையாளக் கணக்கில் பகலை ஐந்து பங்காக்கி மூன்று பங்கு முடிவதற்குள், அதாவது ஏறக்குறைய மதியம் ஒன்றேகாலுக்குள், மாறியிருக்கவேண்டும். தாண்டினால் மறுநாள்தான் மாதம் பிறக்கும். சங்கராந்தி மூன்று மணிக்கு என்றால் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இரண்டு தேதி. இஃப், எல்ஸ் படிக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ஆண்ட்ராய்டில் தேதிக்கு நீ பயன்படுத்தப்போவது 2014இல் ஜாவா 8-ஓடு வந்த நூலகம். ஜப்பான், தைவான், தாய்லாந்து, ஹிஜ்ரி என்று நாலு நாட்காட்டிகள் அதற்குள்ளேயே இருக்கின்றன. கொல்லம் ஆண்டும் இல்லை, தமிழ் வருஷமும் இல்லை. யாராவது உட்கார்ந்து எழுதினால்தான் உண்டு. உடனே சூரியனின் பாதையைக் கணக்கிடக் கிளம்பிவிடாதே. பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பன்னிரண்டு சங்கராந்தி நேரங்களையும் கையால் டைப் செய். வானசாஸ்திரம் எங்கும் ஓடிவிடாது.

நட்சத்திரங்கள் இருபத்தேழையும் 'எனம்' வகையாக வை. அதன்மேல் 'வென்' எழுதி மதிப்பு வாங்கும்போது ஒன்றை விட்டாலும், 'எல்ஸ்' போட்டு மழுப்பாத வரைக்கும், கம்பைலர் உன்னை நகரவிடாது. ஒரே மாதத்தில் ஒரே நட்சத்திரம் இரண்டு தடவை வந்தால் எதைக் கொண்டாடுவது? அதைக் கம்பைலரிடம் கேட்காதே. வீட்டுக்கு வீடு மாறும், பாட்டியிடம் கேள்.

4. கொள்ளுத்தாத்தாவின் நட்சத்திரம் யாருக்கும் நினைவில்லை. அந்தக் கட்டத்தில் என்ன போடுவாய்? பட்டியலில் முதலில் நிற்பதால் அஸ்வினியைப் போட்டுவிட்டால் அவர் காலத்துக்கும் அஸ்வினிக்காரர் ஆகிவிடுவார். 'இல்லை' என்பதைக் குறிக்க 1965இல் நல் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்த டோனி ஹோர், 2009இல் அதைத் தன் நூறு கோடி டாலர் தவறு என்றே சொன்னார். அத்தனை புரோகிராம்கள் அதில் தடுக்கி விழுந்திருக்கின்றன. கோட்லினில் வகைப்பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டால்தான் 'இல்லை'க்கு இடம் உண்டு. போட்டுவிட்டால், இல்லாதபோது என்ன செய்வாய் என்பதற்குப் பதில் எழுதாமல் கம்பைல் ஆகாது. அது தொல்லை கொடுக்கிறதென்று இரட்டை ஆச்சரியக்குறி போட்டுத் தாண்டிவிடலாம் என்று எவனாவது சொல்லித்தருவான். கேட்காதே. '!!' போட்ட இடத்தில்தான் ஆப் படுத்துக்கொள்ளும், அதுவும் நீ மாமாக்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து.

5. முதல் நாளே தமிழில் டைப் செய்து பார். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் கோட்லின் 5 என்கிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோட் துண்டுகளை எண்ணுகிறது. நமக்கு மூன்றே எழுத்து. 'கார்த்திகை' பத்துத் துண்டு. திரையில் இடமில்லை என்று ஏழில் வெட்டினால் 'கார்த்த' என்று மொட்டையாக நிற்கும். ஆண்ட்ராய்டில் எழுத்தெல்லை பார்த்து வெட்ட 'பிரேக்இட்டரேட்டர்' இருக்கிறது, அதைக் கொண்டு செய். பைத்தானில் இதே வேலைக்கு ஓப்பன்-தமிழ் நூலகம் இருக்கிறது. 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்தையா அண்ணாமலையும் மற்றவர்களும் செய்தது. அதன் நிரலைத் திறந்து படித்தால் குறில், நெடில், மெய் எல்லாம் எப்படிப் பிரிகின்றன என்று புரியும்.

6. திறந்த மூலம் என்றால் இலவசம் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதியை விட்டுவிட்டாய். எடிட்டரில் 'ஃபில்டர்' என்ற சொல்லின்மேல் கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு கிளிக் செய். அது எழுதப்பட்ட வரிகளே திறக்கும், அவையும் கோட்லின்தான். ஒரு காலிப் பட்டியல், ஒரு சுற்று, பொருந்தினால் சேர். பெரியவர்கள் எழுதியது என்ற பயம் அன்றைக்கே பாதி விட்டுப்போகும்.

கோட்லினின் உரிமம் அப்பாச்சி 2.0. எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். அறிவிப்பை மட்டும் அழிக்கக் கூடாது. நீ சேர்க்கும் ஒவ்வொரு நூலகத்தின் உரிமத்தையும் படி. ஜிபிஎல் என்றால் கணக்கு வேறு. இந்த விஷயத்தில் நம் ஊருக்குச் சொல்லிக்கொள்ள நிறையவே உண்டு: இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து தொடங்கிவைத்தது திருவனந்தபுரத்தில்தான். அடுத்த வருஷமே, 'டெக்' (TeX) என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் பயனர்களுடைய உலக மாநாடும் இங்கே நடந்தது. நீங்களும் பள்ளிக்கூடத்தில் லினக்ஸில் படித்தவர்கள்தானே. நீ பயன்படுத்தும் நூலகத்தில் பிழை கண்டால் அதை எழுதியவர்களுக்கு எழுதிப் போடு. ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை. என்ன செய்தாய், என்ன எதிர்பார்த்தாய், என்ன வந்தது, இந்த மூன்றும் இருந்தால் போதும்.

7. ஏஐ எழுதித் தருவதை வேண்டாம் என்று சொல்லமாட்டேன், சொன்னாலும் கேட்கப்போவதில்லை. சிங்கம்-ஆவணிக் கேள்வியை அதனிடம் போட்டு, வந்த தேதிகளைப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பார். அப்புறம் உன் இஷ்டம்.

8. மொழிமேல் பக்தி வேண்டாம். கோட்லின் என்பது பீட்டர்ஸ்பர்க் அருகே ஒரு தீவின் பெயர். அது அறிவிக்கப்பட்ட அதே 2011இல் இன்னொரு தீவின் பெயரில் 'சிலோன்' என்றும் ஒரு மொழி அறிவிக்கப்பட்டது, ரெட்ஹாட் நிறுவனத்திலிருந்து. நல்லை அடக்குவதில் அதுவும் கெட்டிக்காரப் பிள்ளைதான். 2017க்குப் பிறகு அதற்குப் புதுப் பதிப்பே வரவில்லை.

9. எழுதியதை வெளியே விடு. ப்ளே ஸ்டோரில் பதிவுக் கட்டணம் 25 டாலர், ஒரே தடவை. புதிதாகத் தனிநபர் கணக்குத் தொடங்கினால், பன்னிரண்டு பேர் விடாமல் 14 நாள் சோதனையில் சேர்ந்திருந்த பிறகுதான் எல்லோருக்கும் வெளியிட விண்ணப்பிக்க முடியும். எஃப்-டிராய்டில் கட்டணமே இல்லை, ஆனால் உன் நிரலும் திறந்திருக்கவேண்டும். பன்னிரண்டு பேருக்கு அலையவேண்டாம், காந்தளூர் மகாதேவர் கோயிலைச் சுற்றி ஒரு வரிசை வீடு போதும். யார் கையில் ஐஃபோன் என்று மட்டும் முன்னாலேயே கேட்டுக்கொள். 2023 நவம்பரில் நிலைப்பட்ட கோட்லின் மல்டிபிளாட்ஃபார்மைக் கொண்டு அவர்களுக்கும் கட்டித் தரலாம்தான், ஆனால் அதற்கு ஒரு மேக் வேண்டும். இரண்டாவது பதிப்பில் பார்த்துக்கொள்.