அருவியைச் சுருக்க முடியுமா?

ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று சாரலைக் கொண்டு வந்துவிட்டால் குற்றாலத்தில் சீசன்தான். பேரருவிக்கு வந்து செல்போனில் வீடியோ எடுக்காமல் திரும்புகிறவர் அரிது. அதை நண்பருக்கு அனுப்பும்போது ஒரு வேடிக்கையை நீங்களும் கவனித்திருக்கலாம். தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுரத்தின் படம் தெளிவாகப் போய்ச் சேருகிறது. அங்கிருந்து ஐந்து கிலோமீட்டரில் உள்ள அருவியின் படமோ கட்டம் கட்டமாக உடைந்து, தண்ணீருக்குப் பதில் மாவு கொட்டுவது போல் தெரிகிறது. செல்போன் ஒன்றுதான், நண்பரும் ஒருவர்தான். பின் ஏன் இந்த வேற்றுமை?

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். வீடியோவின் ஒரு படச்சட்டத்தில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள் இருப்பதாகக் கொள்வோம். மொத்தம் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 3 பைட் வேண்டும். விநாடிக்கு 30 சட்டங்கள். பெருக்கிப் பாருங்கள், ஒரு நிமிடப் படத்துக்கு 1,100 கோடி பைட்டுக்கு மேல் வரும். 64 ஜிகாபைட் செல்போன் ஆறு நிமிடத்துக்குள் நிரம்பிவிடும்! ஆனால் செல்போன் அதை ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு இடத்தில் அடக்கிவிடுகிறது. எடுக்கும்போதே படம் சுருக்கப்படுகிறது. (வீடியோவை 'ஜிப்' செய்து பார்த்து ஏமாந்தவர்களுக்கு இதுவே விடை. பிழிந்த துணியில் மறுபடி எவ்வளவு நீர் வரும்?)

சுருக்கும் வித்தை எதில் இருக்கிறது? திரும்பத் திரும்ப வருவதை ஒரே முறை எழுதுவதில். கோபுரம் அசைவதில்லை. ஆகவே, "முன் சட்டத்தில் இருந்ததே இங்கும்" என்று குறித்துவிட்டால் போதும். செல்போன் சற்றுத் திரும்பினாலும், "இந்தக் கட்டம் 4 புள்ளி இடப்புறம் நகர்ந்தது" என்று எழுதினால் வேலை முடிந்தது. அருவியிலோ விநாடியின் முப்பதில் ஒரு பங்குக்குள் ஒவ்வொரு திவலையும் சிதறி வேறு உருவம் எடுத்துவிடுகிறது. முன் சட்டத்தைக் கைகாட்ட வழியில்லை. ஏறத்தாழ எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும்.

ஒரு சட்டத்துக்குள்ளேயே சிக்கனம் செய்யவும் ஒரு வழி உண்டு. அதைக் கண்டவர் 1940-இல் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. நீங்கள் முக்கோணவியலில் படிக்கும் கொசைன்தான் அவருடைய கருவி. 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டத்தின் 64 எண்களை, 64 கொசைன் அலைகளின் வலிமைகளாக மாற்றி எழுதலாம். வானம் போன்ற வழவழப்பான பகுதியில் சில அலைகளுக்கே வலிமை இருக்கும். மற்றவை சுழியை ஒட்டி நிற்கும். 1972-இல் இந்த ஆராய்ச்சிக்கு அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனத்திடம் அவர் கேட்ட நிதி கிடைக்கவில்லை. யோசனை மிக எளிமையானது என்று கருதினார்களாம்! அவர் விடவில்லை. டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974-இல் அதை வெளியிட்டார். இன்று நம் புகைப்படங்களும் வீடியோக்களும் பெரும்பாலும் இந்த முறையையோ இதன் வழிவந்தவற்றையோ கையாள்கின்றன.

இந்த மாற்றத்தால் மட்டும் எதுவும் இழக்கப்படுவதில்லை. சிறிய எண்களைச் சுழியாக்கி, மற்றவற்றை முழுமைப்படுத்தும்போதுதான் இழப்பு. நுண்ணிய அலைகள் மறைந்தால் நம் கண் அவ்வளவாக உணராது. நிறத்திலும் கண் மந்தம்தான். வெளிச்ச வேறுபாட்டை நுட்பமாகக் காணும் அது, நிற வேறுபாட்டை அப்படிக் காண்பதில்லை. அதனால் நான்கு புள்ளிகளுக்கு ஒரே நிறத்தகவலை வைக்கிறார்கள். இதிலேயே பாதி மிச்சம்.

ஆகவே 'தரம் குறையாமல்' என்பதற்கு இரண்டு பொருள். ஓர் எண்கூட மாறக்கூடாது என்றால், மூன்றில் ஒரு பங்காக்குவதே பெரிய காரியம். கண்ணுக்குத் தெரியக்கூடாது என்றால் நூறில் ஒன்றும் இயலும். ஆனால் அனுப்பும் செயலி இன்னும் சின்ன அளவில் அடக்கச் சொல்லும்போது, கோபுரத்துக்குப் போதுமான இடம் அருவிக்குப் போதுவதில்லை. திவலைகளுக்கு உரிய நுண்ணலைகளை வெட்டி எறிகிறது, கட்டங்கள் தெரிகின்றன.

பள்ளிக் கணிப்பொறியில் இதைச் சோதிக்கலாம். 'ஹேண்ட்பிரேக்' என்ற இலவச மென்பொருளில் கோப்பின் அளவை நிர்ணயிக்காமல் தரத்தை நிர்ணயிக்கும் வசதி உண்டு. எண் குறைந்தால் தரம் உயரும். ஒரே நீளமுள்ள கோபுரப் படம், அருவிப் படம் இரண்டையும் 22 என்ற எண்ணில் சுருக்கி, அளவுகளை ஒப்பிடுங்கள். பிறகு 2003-இல் வந்த எச்.264 முறைக்குப் பதில் 2013-இல் வந்த எச்.265-ஐத் தேர்ந்து பாருங்கள். அதே தரத்துக்கு ஏறக்குறைய பாதி இடம் போதும்; நேரம் மட்டும் கூடும். மூலப்படத்தை அழித்துவிடாதீர்கள். சுருக்கியதையே மீண்டும் சுருக்கினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போய்விடும், போனது திரும்பாது.

அருவி கிடைக்காத ஊர்க்காரர்கள் காற்றில் ஆடும் வேப்பமரத்தைப் படம் பிடிக்கலாம். அதுவும் சுருங்க மறுக்கும்.