எக்ஸ்சேஞ்ச் செமஸ்டர்: வியன்னாவுக்கு முன்னாடி எக்ஸாம் செல்

இந்த ஆகஸ்ட்ல எங்க காலேஜுக்கு வந்த ஒரு கம்பெனியோட பிளேஸ்மென்ட் டிரைவ்ல என்னால உட்கார முடியலை. ஸ்டாண்டிங் அரியர் இருக்கக் கூடாதுங்கறது விதி. எனக்கு ஒண்ணு இருந்தது. அது நான் ஃபெயில் ஆன பேப்பர் இல்லை. வியன்னாவுல பாஸ் பண்ணிட்டு வந்த பேப்பர்!

அது எப்படி அரியர் ஆச்சுன்னு கடைசிவரை படிச்சா புரியும். ஆறாவது செமஸ்டருக்கு வெளிநாட்டுல ஒரு பிசினஸ் யுனிவர்சிட்டிக்குப் போகலாமான்னு யோசிக்கிற ஜூனியர்ஸுக்காக எழுதறேன். ஊர் சுத்தின கதை இதுல ரொம்ப கம்மி, இப்பவே சொல்லிடறேன்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். எக்ஸ்சேஞ்ச் வேற, வெளிநாட்டுல போய் டிகிரி படிக்கிறது வேற. ரெண்டு காலேஜுக்கும் நடுவுல ஒப்பந்தம் இருந்தாதான் எக்ஸ்சேஞ்ச். நம்ம காலேஜ் நம்மளை நாமினேட் பண்ணும். ஃபீஸை வழக்கம்போல இங்கயே கட்டுவோம், அங்க டியூஷன் ஃபீஸ் கிடையாது. வியன்னாவுல மாணவர் யூனியனுக்கு செமஸ்டருக்கு இருபத்திச் சொச்சம் யூரோ மட்டும் கட்டணும், அவ்வளவுதான். ஒப்பந்தம் இல்லாத யுனிவர்சிட்டிக்கு நாமளா அப்ளை பண்ணிப் போனா கணக்கே மாறிடும். அதனால கூகுள்ல ரேங்கிங் பார்க்கறதுக்கு முன்னாடி நம்ம காலேஜோட பார்ட்னர் லிஸ்ட்டைப் பாருங்க. நான் ஏன் பிசினஸ் யுனிவர்சிட்டி எடுத்தேன்னு எல்லாரும் கேட்டாங்க. புராடக்ட் சைடுல வேலைக்குப் போக ஆசைன்னு இன்டர்வியூல சொன்னேன். அது உண்மைதான். லிஸ்ட்ல என் சிஜிபிஏவுக்குக் கிடைக்கக்கூடியது ரெண்டே ரெண்டுதான் இருந்ததுங்கறதும் உண்மை.

நான் போனது வியன்னா பொருளாதார வணிகப் பல்கலைக்கழகம். எல்லாரும் டபிள்யூ.யூ.ன்னுதான் சொல்வாங்க. 1898-ல ஏற்றுமதி வணிகம் சொல்லிக்கொடுக்கிற அகாடமியா ஆரம்பிச்சது. 2013-ல பிராட்டர் பூங்கா பக்கத்துல இருக்கிற இப்போதைய வளாகத்துக்கு மாறினாங்க. அங்க இருக்கிற நூலகம் ஜஹா ஹதீத் வடிவமைச்சது. சுவரெல்லாம் சாஞ்சுகிட்டு இருக்கும், முதல் நாள் எனக்கு லேசா தலை சுத்துச்சு.

பாடம் பொருத்தறதுதான் பாதி வேலை

நான் ஈசிஇ. பிசினஸ் யுனிவர்சிட்டியில விஎல்எஸ்ஐ கிடையாது, ஆன்டெனா கிடையாது. சப்ளை செயின், ஃபைனான்ஸ், மார்க்கெட்டிங், இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் இதெல்லாம் இருக்கும். அப்போ ஆறாவது செமஸ்டர்ல இருக்கிற கோர் பேப்பர்களை என்ன பண்றது? உங்க ரெகுலேஷனை எடுத்து வச்சுகிட்டு ஒவ்வொரு பேப்பருக்கும் பக்கத்துல எழுதுங்க: இது ஓபன் எலெக்டிவா, மேனேஜ்மென்ட் பேப்பரா, கோரா, லேபா. முதல் ரெண்டையும் அங்க முடிக்கலாம். கோரையும் லேபையும் இங்கதான் முடிக்கணும்.

லேபை ஜனவரி, பிப்ரவரியிலயே ஸ்பெஷலா நடத்தி முடிக்க ஹெச்ஓடி மேடம் ஒத்துக்கிட்டாங்க. அவங்களுக்கு நான் கடன்பட்டிருக்கேன். ஒரு கோர் பேப்பருக்கு பதிலா என்பிடெல் கோர்ஸ் எடுத்தேன். இங்க ஒரு பொறி இருக்கு. என்பிடெல் பரீட்சையை இந்தியாவுல இருக்கிற சென்டருக்கு நேர்ல போய்த்தான் எழுதணும். ஜனவரியில ஆரம்பிக்கிற கோர்ஸை எடுத்தா பரீட்சை வரும்போது நீங்க வியன்னாவுல இருப்பீங்க. அதனால அதுக்கு முன்னாடி ஜூலையில ஆரம்பிக்கிற கோர்ஸாப் பார்த்து எடுங்க. அதாவது அஞ்சாவது செமஸ்டர்லயே. அப்படின்னா இந்த முடிவையே நாலாவது செமஸ்டர் முடியும்போது எடுத்தாகணும்.

ஏன் ஆறாவது செமஸ்டர்? ஆஸ்திரியாவுல குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1, கோடைகால செமஸ்டர் மார்ச் 1. அக்டோபர்ல போனா நம்ம ஏழாவது செமஸ்டர் நடுவுல கழண்டுக்கணும், பிளேஸ்மென்டும் போயிடும். மார்ச்ல போனா ஜூன் கடைசியில முடிச்சு ஜூலையில திரும்பிடலாம். காகிதத்துல பார்க்க அழகா இருக்கும். ஆனா மார்க்ஷீட் ஜூலையில கையில வந்து, அதை நம்ம எக்ஸாம் செல் மாத்திப் போட்டு முடிக்கிறதுக்குள்ள ஆகஸ்ட் வந்துடும். நான் மாட்டினது அந்த இடைவெளியிலதான்.

கிரெடிட் கணக்கு

ஐரோப்பாவுல இசிடிஎஸ் கணக்கு. ஒரு செமஸ்டருக்கு 30, வருஷத்துக்கு 60. ஆஸ்திரியாவுல 1 இசிடிஎஸ்னா 25 மணி நேர உழைப்பு. இதுல கிளாஸ்ல உட்கார்றது, வீட்ல படிக்கிறது, குரூப் வேலை, பரீட்சை எல்லாம் சேர்த்திதான். நம்ம கிரெடிட் அப்படி இல்லை. 3 கிரெடிட் பேப்பர்னா வாரத்துக்கு 3 மணி நேரம் கிளாஸ், 15 வாரத்துக்கு 45 மணி நேரம்.

இப்போ 6 இசிடிஎஸ் பாடம் ஒண்ணை எடுத்துக்கோங்க. மொத்த உழைப்பு 150 மணி நேரம். ஆனா கிளாஸ் நேரம் முப்பது மணி நேரத்தைத் தாண்டாம இருக்கலாம். கிளாஸ் நேரத்தை மட்டும் பார்க்கிறவர் "30 மணி நேரம்தானே, 2 கிரெடிட்" அப்படிம்பார். அங்க ஒரு செமஸ்டருக்கு 30, இங்க 22ன்னு விகிதம் போட்டா அதே பாடம் 4.4 கிரெடிட். ரெண்டுக்கு ஒண்ணுன்னு வச்சா 3. ஒரே பாடம், மூணு விடை! எது சரிங்கறது முக்கியமே இல்லை. உங்க காலேஜ் எதை ஏத்துக்கும்னு கிளம்பறதுக்கு முன்னாடி கையெழுத்தோட வாங்கிடுங்க. பாடத்திட்டத்தோட மொத்த உழைப்பு நேரம் போட்ட பக்கத்தையும் சேர்த்து இணைங்க.

நான் இதெல்லாம் சரியாத்தான் பண்ணேன். அஞ்சு பாடத்துக்கும் ஹெச்ஓடி, எக்ஸாம் செல் ரெண்டு கையெழுத்தும் இருந்தது. சொதப்பினது அதுக்கப்புறம்.

டபிள்யூ.யூ.வுல நம்ம மாதிரி "திங்கள் இரண்டாவது பீரியட்"னு நிலையான டைம்டேபிள் கிடையாது. ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியா தேதி போட்டிருப்பாங்க. ஒரு வாரம் செவ்வாய் காலை, அடுத்தது வியாழன் மாலை, அப்புறம் ரெண்டு வாரம் ஒண்ணுமே இல்லை. நான் பாடத்தோட பேரையும் கிரெடிட்டையும் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்துட்டேன், தேதியைப் பார்க்கலை. போய்ச் சேர்ந்தப்புறம் பார்த்தா ரெண்டு பாடம் ரெண்டு நாள் மோதுது. ரெண்டு நாள்தானேன்னு விட முடியாது, ஏன்னா நான் எடுத்த பாடங்கள்ல 80 சதவீதம் வருகை கட்டாயம். மொத்தம் ஆறு கிளாஸ் இருக்கிற பாடத்துல ஒரு கிளாஸ்தான் விடலாம். ரெண்டு விட்டா 67 சதவீதம், பாடம் போச்சு. (புராக், புடாபெஸ்ட்னு டிக்கெட் போடறதுக்கு முன்னாடி இந்த வகுத்தலைப் போட்டுப் பாருங்க.)

சரின்னு ஒரு பாடத்தை விட்டுட்டு அதே மாதிரி வேற ஒண்ணை எடுத்தேன். கிளாஸ் அட்வைஸருக்கு வாட்ஸ்அப் பண்ணேன். "ஓகேப்பா, வந்து பார்த்துக்கலாம்"னு பதில் வந்தது, கூட ஒரு கட்டைவிரல். அதை அனுமதின்னு நான் எடுத்துக்கிட்டேன். ஜூலையில எக்ஸாம் செல்லுல "இந்தப் பாடம் அப்ரூவ் பண்ண லிஸ்ட்லயே இல்லையே தம்பி"ன்னு சொன்னாங்க. வாட்ஸ்அப்பைக் காட்டினேன். சிரிச்சாங்க. அட்வைஸர் அதுக்குள்ள வேற காலேஜுக்கு மாறிப் போயிட்டார். 3 கிரெடிட் கழண்டுச்சு, அந்த இடத்துல அரியர் உட்கார்ந்துச்சு.

அவங்க மேல எனக்குக் கோபம் இருந்தது. இப்போ பாதிதான் இருக்கு. பாடம் மாத்தின அன்னிக்கே அதிகாரப்பூர்வமா ஒரு மெயில், மூணு பேருக்கும் காப்பி, "அனுமதிக்கிறேன்"னு ஒரு வரி பதில். இதை வாங்க எனக்குப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

கிரேடு பத்தியும் ஒரு வார்த்தை. அங்க 1 தான் உச்சம், 5 ஃபெயில். என் மார்க்ஷீட்ல ரெண்டு 1 இருந்ததைப் பார்த்துட்டு ஆபீஸ்ல ஒருத்தர் பாவமாப் பார்த்தார். கிரேடு விளக்கத் தாளையும் சேர்த்துக் கொடுங்க.

கிளாஸ்ல என்ன கத்துக்கிட்டேன்னா, குரூப் வேலை. ஒரு பாடத்துல விற்பனையை முன்கூட்டிக் கணிக்கிற புராஜெக்ட். நாலு பேர் குரூப். நம்மதான் இன்ஜினியர் ஆச்சேன்னு ஒரே ராத்திரியில பைத்தான்ல மொத்த மாடலையும் நானே முடிச்சிட்டேன். காலையில காட்டினா யாருக்கும் சந்தோஷம் இல்லை. "இதை நாங்க எப்படி விளக்கறது?"ன்னு கேட்டாங்க. பிரசன்டேஷன்ல நாலு பேரும் பேசணும், கேள்வி யார்கிட்ட வேணும்னாலும் வரும். மாடலைத் தூக்கிப் போட்டுட்டு எல்லாருக்கும் புரியற ஒரு எக்செல் ஷீட்ல திரும்ப ஆரம்பிச்சோம். கணிப்பு கொஞ்சம் மோசம்தான். கிரேடு 2.

பணம்

டியூஷன் இல்லைன்னதும் வீட்ல எல்லாரும் நிம்மதி ஆகிட்டாங்க. மத்தது எதுவும் இலவசம் இல்லை. ரூம் வாடகை எனக்கு மாசம் 480 யூரோ, அட்வான்ஸ் தனி. ஹெல்த் இன்ஷூரன்ஸ் மாசம் சுமார் 70. சாப்பாடு நானே சமைச்சதால 200-க்குள்ள. அங்க ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருக்கும், சனிக்கிழமையே காய்கறி வாங்கி வைங்க. குடிதண்ணிக்கு மட்டும் செலவே இல்லை. ஆல்ப்ஸ் மலை ஊத்துத் தண்ணி 1873-லேர்ந்து குழாய்ல வருது. ஃபிளைட், விசா எல்லாம் சேர்த்து எனக்கு நாலு லட்சம் பக்கம் ஆச்சு. அம்மாவோட வளையல் இன்னும் பேங்க்லதான் இருக்கு.

விசாவுக்குக் கையில பணம் இருக்குன்னு காட்டணும். நாலு மாசம் தங்கறதுக்கு டி விசா. ஆறு மாசத்துக்கு மேலன்னா ரெசிடன்ஸ் பெர்மிட், அது வேற வேலை. காட்ட வேண்டிய தொகை 24 வயசுக்குக் கீழ கம்மி, மேல அதிகம். வருஷா வருஷம் மாறும், தூதரகப் பக்கத்துல அந்த வருஷத்துத் தொகையைப் பாருங்க, சீனியர் சொன்னதை நம்பாதீங்க. நான் சொன்னதையும்தான். போய் இறங்கினதும் மூணு நாளுக்குள்ள தங்கற விலாசத்தைப் பதிவு பண்ணணும். அந்தத் தாளுக்கு மெல்டட்செட்டல்னு பேரு. பேங்க் அக்கவுன்ட்லேர்ந்து எல்லாத்துக்கும் அதைக் கேட்பாங்க, தொலைச்சிடாதீங்க.

மூணாம் வருஷப் பொண்ணு ஒருத்தி போன வாரம் தன்னோட பாட லிஸ்ட்டோட வந்தா. "அண்ணா, எல்லாத்துக்கும் ஹெச்ஓடி சைன் வாங்கிட்டேன்"னு சொன்னா. தேதி பார்த்தியான்னு கேட்டேன். பார்க்கலை. ரெண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு கிளாஸ் தேதியையும் ஒரே காலண்டர்ல போட்டோம். மூணாவது பாடமும் அஞ்சாவது பாடமும் மே மாசத்துல ஒரு மதியம் மோதுது. மாத்துப் பாடம் ரெண்டு எழுதி, திரும்ப சைன் வாங்கப் போயிருக்கா.

எனக்கு அந்தப் பேப்பர் நவம்பர்ல பரீட்சை. புக் லைப்ரரியில ஒரே ஒரு காப்பிதான் இருக்காம், எடுத்து வச்சிருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா தயவுசெஞ்சு திருப்பிக் கொடுத்துடுங்க.